எச்-இன்டெக்ஸ் ஐந்துதான், தாவர வகைப்பாட்டை விட்டுவிடலாமா?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தாவரவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். என் துறை தாவர வகைப்பாட்டியல். அகத்தியமலைத் தொடரின் கிழக்குச் சரிவுகளில் செடிகொடிகளைத் தேடி, அடையாளம் கண்டு, உலர்த்திக் கல்லூரி ஹெர்பேரியத்தில் (உலர்தாவரச் சேகரிப்பில்) சேர்ப்பதும், அவற்றைப் பற்றி எழுதுவதுமே என் ஆய்வு. இதுவரை 14 கட்டுரைகள் வந்திருக்கின்றன. அண்மையில் ஐகியூஏசி எனப்படும் கல்லூரியின் உள்தர உறுதிக் குழுக் கூட்டத்தில் ஆசிரியர்கள் அனைவரின் எச்-இன்டெக்ஸையும் திரையில் வரிசையாகக் காட்டினார்கள். எனக்கு 5. எனக்குப் பின் பணியில் சேர்ந்த, இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரிக்கும் சக ஆசிரியருக்கு 22. “காலத்துக்கேற்ற தலைப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்” என்று துறைத் தலைவர் அக்கறையோடுதான் சொன்னார். ஒருவர் கட்டுரையை மற்றவர் மேற்கோள் காட்டிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேரும்படி நண்பர் ஒருவர் அழைக்கிறார். துறையை மாற்றிவிடலாமா? அந்தக் குழுவில் சேர்வது அவ்வளவு பெரிய தவறா? பதவி உயர்வுக்கான சுயமதிப்பீட்டுப் படிவத்தில் என் வேலையை எப்படிக் காட்டுவது? கட்டுரைப் பட்டியலையும் கூகுள் ஸ்காலர் எண்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

வணக்கம். துறையை மாற்றாதீர்கள். அந்தக் குழுவில் சேராதீர்கள். மூன்றாவது கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும். ஆனால் திரையில் தெரிந்த அந்த 5, 22 இரண்டும் எதை அளக்கின்றன என்பது தெளிவாகாமல், படிவத்தில் எதை எழுதினாலும் மன்னிப்புக் கேட்பதுபோலவே இருக்கும். உங்கள் கடிதத்தில் அந்தத் தொனி இருக்கிறது. அது போக வேண்டும் என்பதற்காகவே முதலில் கணக்குக்குள் போகிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் ஆசிரியர்களுக்கு மேற்கோள் கணக்கு எடுத்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்து வந்தவன் நான். எண்ணின் பலமும் பலவீனமும் எனக்குப் பழக்கம்.

நீங்கள் அனுப்பிய பட்டியலை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். 31, 12, 9, 7, 6, 5, 4, 4, 3, 2, 1, 1, 0, 0. ஐந்தாவது இடத்தில் இருக்கும் கட்டுரைக்கு 6 மேற்கோள், ஆறாவது கட்டுரைக்கு 5. குறைந்தது ஐந்து மேற்கோளாவது பெற்ற ஐந்து கட்டுரைகள் உங்களிடம் உண்டு. குறைந்தது ஆறு பெற்ற ஆறு கட்டுரைகள் இல்லை. எனவே 5. இவ்வளவுதான் எச்-இன்டெக்ஸ். கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் இருந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த கணக்கு இது.

இப்போது இதைக் கவனியுங்கள். 31 மேற்கோள் பெற்ற உங்கள் முதல் கட்டுரை, ஒரு பேரினத்தின் தென்னிந்தியச் சிற்றினங்கள் அனைத்தையும் சீர்தூக்கிப் பார்த்த திருத்தக் கட்டுரை. அதற்கு நாளையே 3,000 மேற்கோள் வந்தாலும் உங்கள் எச்-இன்டெக்ஸ் 5-ஐ விட்டு அசையாது. ஆறாவது இடத்தில் இருக்கும் சிறு குறிப்புக்கு ஒரே ஒரு மேற்கோள் கூடினால் 6 ஆகிவிடும். பட்டியலின் கடைசியில் இருக்கும் இரண்டு சுழியங்களில் ஒன்று, ஒரு புதிய சிற்றினத்தை நீங்கள் அறிவியலுக்கு முதன்முதலாக அறிமுகப்படுத்திய கட்டுரை! அந்தச் செடியின் பெயர் இனி உலகம் முழுவதும் நீங்கள் வைத்த பெயர்தான். எச்-இன்டெக்ஸின் கணக்கில் அப்படி ஒரு வேலை நடக்கவே இல்லை.

ஒற்றை எண் ஒருவரின் பன்முகப் பணியைத் தோராயமாகத்தான் காட்டும் என்றும், துறைக்குத் துறை எச்-இன்டெக்ஸ் வேறுபடும் என்றும் ஹிர்ஷ் தன் முதல் கட்டுரையிலேயே எழுதிவிட்டார். உயிரியலாளர்களின் எண்கள் இயற்பியலாளர்களின் எண்களைவிட உயர்ந்திருப்பதை அவரே எடுத்துக்காட்டினார். எண்ணை ஆசையாக எடுத்துக்கொண்ட நிர்வாகங்கள் எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் சக ஆசிரியரின் 22-க்கு வருவோம். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் கட்டுரைகளை நான் படிக்கவும் இல்லை. ஆனால் இலைச்சாற்றில் நானோ துகள் தயாரிக்கும் துறை எப்படிப்பட்டது? இந்தியா, சீனா, ஈரான், எகிப்து என்று எண்ணற்ற ஆய்வகங்களில் ஒரே வகை வேலை நடக்கிறது. கட்டுரைகள் மளமளவென்று வருகின்றன. ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் நீளமான உசாத்துணைப் பட்டியல் இருக்கிறது, அதில் பெரும்பகுதி கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்தவை. உங்கள் துறையிலோ அகத்தியமலையின் ஒரு பேரினத்தைப் பற்றி எழுதக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் எழுதும் கட்டுரையின் பட்டியலும் சிறியது, அதிலும் பாதி நூறாண்டு பழைய நூல்கள். மேற்கோள் எங்கிருந்து வரும்? ஒரு கட்டுரை எத்தனை மேற்கோள் பெறுகிறது என்பதில், அந்தத் துறையில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், எவ்வளவு வேகமாக எழுதுகிறார்கள், பட்டியல் எவ்வளவு நீளம் என்பவை அடங்கியிருக்கின்றன. துறை வேறுபாட்டைச் சரிக்கட்டாமல் இருவரை ஒரே திரையில் மேலும் கீழுமாக நிறுத்தியதுதான் அந்தக் கூட்டத்தில் நடந்த தவறு. கணிதத்தில் மிக உயர்வாக மதிக்கப்படும் ‘அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழின் இம்பாக்ட் ஃபேக்டரே, அதாவது அதன் ஒரு கட்டுரை பெறும் சராசரி மேற்கோளே, ஒற்றை இலக்கம்தான். புற்றுநோய் மருத்துவ இதழ் ஒன்றுக்கு அது நூற்றுக்கணக்கில் இருக்கிறது. கணித மேதைகளைவிட மருத்துவர்கள் பல மடங்கு சிறந்தவர்கள் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

இதைவிட எனக்கு மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. மூலிகைச் சாறு பற்றிய கட்டுரை எதையாவது எடுத்து, ‘பொருட்களும் முறைகளும்’ பகுதியின் முதல் பத்தியைப் படியுங்கள். இன்ன ஊரில் இலைகள் சேகரிக்கப்பட்டன; இன்ன கல்லூரியின் தாவரவியலாளர் அவற்றை அடையாளம் கண்டு உறுதிசெய்தார்; சான்று மாதிரி இன்ன எண்ணுடன் ஹெர்பேரியத்தில் வைக்கப்பட்டுள்ளது. மூன்று வரி. அடுத்த பத்தியில் மெத்தனால் வந்துவிடும். அந்த மூன்று வரியில்தான் மொத்தக் கட்டுரையும் நிற்கிறது. இலை வேறு செடியுடையதாக இருந்தால் அதற்குப் பிறகு வரும் அட்டவணைகளும் வரைபடங்களும் குப்பை. அப்படியிருந்தும் கட்டுரையின் கடைசியில் உள்ள பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு ரசாயனச் சோதனைக்கும் அதை முதலில் உருவாக்கியவரின் கட்டுரை இருக்கும். செடியை அடையாளம் காணப் பயன்படுத்திய நூல் பெரும்பாலும் இருக்காது. அடையாளம் கண்டவர், நன்றி சொல்லும் பகுதியில் ஒரு பெயராக முடிந்துவிடுவார்.

கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரபினாட் ஹெர்பேரியத்தில் இருந்துகொண்டு கே.எம். மேத்யூ தமிழ்நாட்டின் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெருநூல் தொகுதிகளை 1980-களில் வெளியிட்டார். தமிழ்நாட்டில் செடியைக் கையில் எடுக்கும் எவரும் இவற்றைப் புரட்டாமல் வேலை செய்ய முடியாது. இந்நூல்கள் எவ்வளவு பேருக்கு உதவியிருக்கின்றன என்பதை எந்த மேற்கோள் தரவுத்தளமும் சொல்லாது. நித்தியகல்யாணியைப் பற்றிய புற்றுநோய் மருந்துக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் செடியின் லத்தீன் பெயருக்குப் பின்னால் அதற்குப் பெயர் வைத்த தாவரவியலாளர்களான லின்னேயஸைக் குறிக்கும் ஒற்றை எழுத்தும் ஜார்ஜ் டானின் பெயரும் தவறாமல் நிற்கும். அந்தப் பெயரை வைத்த நூல்கள் பட்டியலில் ஏறுவதில்லை. எனவே மேற்கோளாகக் கணக்கில் வருவதில்லை.

இதற்கு நேர் எதிரான நிலை லோரியுடையது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை ஆலிவர் லோரியும் சகாக்களும் 1951-இல் வெளியிட்டார்கள். அறிவியல் வரலாற்றிலேயே அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை அதுதான். 2014-இல் எடுத்த கணக்கில் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. அது ஒன்றும் மாபெரும் கட்டுரை அல்ல என்று லோரியே சொன்னார். ஆய்வகத்தில் எல்லோருக்கும் தேவைப்பட்ட முறை, பயன்படுத்தியவர்கள் பட்டியலில் சேர்த்தார்கள், எண் ஏறியது. உங்கள் வேலையும் எல்லோருக்கும் தேவைப்படும் முறைதான். பட்டியலில் சேர்க்கும் பழக்கம் மட்டும் உங்கள் பக்கம் வந்து சேரவில்லை.

இம்பாக்ட் ஃபேக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பதவி உயர்வுப் புள்ளிகளில் அது நேரடியாக நுழைந்திருக்கிறது. யுஜிசியின் 2018 விதிமுறைகளில் உள்ள அட்டவணைப்படி, இம்பாக்ட் ஃபேக்டர் இல்லாத இதழில் வந்த கட்டுரைக்கு 5 புள்ளி, 1-க்குக் குறைந்தால் 10, 10-க்கு மேல் என்றால் 30. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. இந்த எண் பிறந்த கதை வேறு. பிலடெல்ஃபியாவில் இருந்த யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தபோது, எந்தெந்த ஆய்விதழ்களை அதில் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கவே இது பயன்பட்டது. எந்த இதழுக்குச் சந்தா கட்டுவது என்று முடிவெடுக்க எங்களைப் போன்ற நூலகர்களுக்கும் பின்னாளில் உதவியது. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். இதழின் சராசரி அது. அதை எடுத்து ஒரு தனிக் கட்டுரைக்கோ ஆசிரியருக்கோ மதிப்பெண்ணாகப் போடுவது, ஊரின் சராசரி வருமானத்தைப் பார்த்து ஒரு வீட்டுக்கு ரேஷன் அட்டையின் நிறத்தை முடிவு செய்வதைப் போன்றது.

அந்தச் சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு, படிகவியல் ஆய்விதழான ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா’வின் ஏ பிரிவு. 2008-இல் அதன் இம்பாக்ட் ஃபேக்டர் 2.051. அடுத்த ஆண்டு 49.926! ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இரண்டையும் தாண்டிவிட்டது. இதழின் தரம் ஓராண்டில் இருபத்து நான்கு மடங்கு உயர்ந்துவிடவில்லை. ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்ற படிகவியலாளர், தான் உருவாக்கிய ஷெல்எக்ஸ் மென்பொருளின் வரலாற்றை 2008-இல் அதில் எழுதியிருந்தார். படிக அமைப்பைக் கணக்கிடும் ஆய்வகங்கள் எங்கும் பயன்படுத்தும் மென்பொருள் அது. அந்த ஒரு கட்டுரைக்கு 6,600-க்கும் மேற்பட்ட மேற்கோள்கள் குவிந்தன. அதே ஆண்டு அதே இதழில் இரண்டாவது இடம் பிடித்த கட்டுரைக்குக் கிடைத்தவை 28. இரண்டாண்டுச் சாளரத்தை அந்தக் கட்டுரை கடந்ததும் இதழ் மீண்டும் 2-ஐ ஒட்டிய எண்ணுக்கே இறங்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அங்கே எழுதிய மற்றவர்களுக்கு எங்காவது புள்ளிகள் போடப்பட்டிருந்தால், அவை ஷெல்ட்ரிக்கின் உழைப்புக்குக் கிடைத்த புள்ளிகள்.

இது விதிவிலக்கு என்று சொல்வார்கள். அளவில் விதிவிலக்குதான், தன்மையில் அல்ல. எந்தப் பெரிய இதழை எடுத்தாலும் அதில் வரும் கட்டுரைகளில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்குவரை, இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் காட்டும் அளவைவிடக் குறைவான மேற்கோள்களையே பெறுகின்றன. சில கட்டுரைகள் ஏற்றிவிட்ட சராசரியில் எல்லோரும் நனைகிறார்கள். உங்கள் துறைக்கு இரண்டாண்டு என்ற கெடுவே பொருந்தாது. நீங்கள் இன்று எழுதும் திருத்தக் கட்டுரை, அந்தப் பேரினத்தை அடுத்து ஒருவர் கையில் எடுக்கும்போதுதான் தேவைப்படும். அது பத்தாண்டு கழித்தும் இருக்கலாம், ஐம்பது ஆண்டு கழித்தும் இருக்கலாம். நீங்களே லின்னேயஸின் 1753-ஆம் ஆண்டு நூலைப் பார்த்துத்தானே இன்றும் வேலை செய்கிறீர்கள்?

வகைப்பாட்டாளர்கள் இந்த எண்ணிடம் ஒருமுறை கூட்டாக அடிவாங்கினார்கள். விலங்கு வகைப்பாட்டின் முதன்மை இதழான ‘ஜூடாக்ஸா’வை, தன்னைத்தானே அளவுக்கு மீறி மேற்கோள் காட்டிக்கொள்கிறது என்று கூறி இம்பாக்ட் ஃபேக்டரைக் கணக்கிட்டு வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் 2020-இல் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. புதிய சிற்றினங்களை விவரிக்கும் கட்டுரைகள் பெருமளவில் ஒரே இதழில் வந்தால், அடுத்து எழுதுபவர் வேறு எந்த இதழை மேற்கோள் காட்ட முடியும்? உலகெங்கும் இருந்து வகைப்பாட்டாளர்கள் எழுதிய எதிர்ப்புக் கடிதங்களுக்குப் பிறகு சில வாரங்களிலேயே நிறுவனம் இதழைத் திரும்பச் சேர்த்தது. எண்ணுக்கும் மேல்முறையீடு உண்டு, கேட்டால் திருத்துகிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எண்களையெல்லாம் தூக்கி எறியுங்கள் என்று சொல்பவன் அல்ல நான். நம் கல்லூரிகளில் எண் வருவதற்கு முன்பு என்ன இருந்தது? வேண்டியவர், வேண்டாதவர் என்ற கணக்கு இருந்தது. சாதியும் சிபாரிசும் தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருந்தன. 2010-இல் யுஜிசி, ஏபிஐ என்ற ஆசிரியர் செயல்திறன் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தபோது, செல்வாக்கு இல்லாத, நன்றாக ஆய்வு செய்த பல ஆசிரியர்களுக்கு ‘இதோ என் கணக்கு’ என்று நீட்டக் கையில் ஒன்று கிடைத்தது. அதை நான் மதிக்கிறேன். அதனால்தான், எண்ணை எதிர்த்து வெறும் மனக்குறையை முன்வைக்காதீர்கள், அதைவிடக் கனமான சான்றை முன்வையுங்கள் என்கிறேன்.

இனி வாட்ஸ்அப் குழு. நண்பர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது குற்றமில்லை. முன்பு செய்த வேலையின் மேல் கட்டுபவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நண்பர் கட்டுரை உண்மையிலேயே உங்கள் வாதத்துக்குத் தேவையென்றால் அதையும் சேர்க்கலாம். குழு கேட்பது அதுவல்ல. படிக்காத கட்டுரையை, தொடர்பில்லாத இடத்தில், கைம்மாறாகச் செருகச் சொல்கிறது. உங்கள் கட்டுரையை நம்பிப் படிக்கும் ஒரு முதுகலை மாணவி அந்த மேற்கோளைத் தேடிப்போய், அங்கே ஒன்றுமில்லாமல் திரும்புவாள். நான் இதை ஏமாற்று என்றே சொல்வேன்.

ஆபத்தும் சிறிதல்ல. 2013-இல் பிரேசிலின் நான்கு ஆய்விதழ்கள் ஒன்றையொன்று திட்டமிட்டு மேற்கோள் காட்டியது கண்டுபிடிக்கப்பட்டு, இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டன. மேற்கோள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது தரவுத்தளத்தில் திறந்தே கிடக்கிறது. பத்துப் பேர் தங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மேற்கோள் காட்டினால், வரைபடமாகப் போட்டவுடன் முடிச்சு கண்ணில் படும். 2023-இல் ஹிந்தாவி பதிப்பகத்தின் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த அறிவிப்புகளில் சொல்லப்பட்ட அறிகுறிகளில் ஒன்று, பொருத்தமற்ற மேற்கோள்கள். அதில் சிக்கியவர் பெயரோடு அந்த முத்திரை நிலைத்துவிடும். கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்பின் 2025 பதிப்பில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும் முறையும் வந்துவிட்டது. இன்று எச்-இன்டெக்ஸைத் திரையில் காட்டும் அதே நிர்வாகம் நாளை அந்தப் பட்டியலையும் காட்டும். அன்று குழுவில் யாரும் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்கள்.

கூகுள் ஸ்காலர் எண்ணை மட்டும் வைத்து எடைபோடும் நிர்வாகத்துக்கு லாரி என்ற பூனையின் கதையைச் சொல்லலாம். 2024-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவர், மேற்கோள்களை விற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காட்டுவதற்காக, லாரியின் பெயரில் போலிக் கட்டுரைகளையும் அவற்றை மேற்கோள் காட்டும் வேறு போலிக் கட்டுரைகளையும் இணையத்தில் ஏற்றினார்கள். பூனைக்கு 132 மேற்கோள்களும் எச்-இன்டெக்ஸ் 11-உம் கிடைத்தன. எழுதியவர் மனிதரா பூனையா என்பது கணக்கெடுக்கும் நிரலுக்குத் தெரியாது. கட்டுரையை யாராவது திறந்து படித்தால்தான் தெரியும்.

படிவத்துக்கு வருகிறேன். முதல் வேலை, உங்கள் பெயரை ஒன்றுசேர்ப்பது. நம் ஊர் இனிஷியல் முறை மேற்கோள் தரவுத்தளங்களுக்குப் புரிவதில்லை. உங்கள் பட்டியலிலேயே மூன்று விதமாகப் பெயர் வந்திருக்கிறது. தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். மூன்றாவதில் முதலெழுத்து விரிந்து தகப்பனார் பெயரே குடும்பப் பெயராக நிற்கிறது. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்தேன். நீங்கள் இரண்டு ஆளாகப் பிரிந்திருக்கிறீர்கள். மூன்று கட்டுரைகள் அந்த இன்னொரு ஆளின் கணக்கில் கிடக்கின்றன. ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண் ஒன்று பெற்றுக்கொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. பிறகு இரண்டு கணக்குகளையும் இணைக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு விண்ணப்பியுங்கள். இனிமேல் எந்தக் கட்டுரையிலும் ஒரே வடிவத்தில் பெயர் எழுதுங்கள். இதனால் எச்-இன்டெக்ஸ் ஒன்றிரண்டு கூடலாம், கூடாமலும் இருக்கலாம். ஆனால் உங்கள் வேலை உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

அடுத்து, படிவம் கேட்கும் எண்களை உள்ளபடியே நிரப்புங்கள். விதி இருக்கும்வரை விதிப்படி புள்ளி எடுப்பதில் தவறில்லை. கேட்காத ஒன்றை இணைப்பாக வையுங்கள். உங்கள் பணிகளில் மிக முக்கியமான ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். என்ன தெரியாமல் இருந்தது, நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள், அதை யார் எடுத்துப் பயன்படுத்தினார்கள். பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம்.

‘யார் பயன்படுத்தினார்கள்’ என்பதற்குச் சான்று தேட ஒரு வாரம் ஒதுக்குங்கள். நீங்கள் பெயரிட்ட சிற்றினம் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பெயராக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். உயிரினங்கள் அழியும் ஆபத்தை மதிப்பிடும் ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் உங்கள் பகுதித் தாவரங்களின் மதிப்பீடுகளைப் படியுங்கள். உங்கள் கட்டுரைகள் அங்கே ஆதாரமாக எடுத்தாளப்பட்டிருக்கலாம். வனத்துறையின் செயல்திட்ட அறிக்கைகளிலும், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தொடர்பான தாவரப் பட்டியல்களிலும் தேடுங்கள். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தென்மண்டல ஹெர்பேரியத்துக்கு நீங்கள் அனுப்பிய மாதிரிகளின் எண்களைப் பட்டியலிடுங்கள். கல்லூரி ஹெர்பேரியத்தின் வருகைப் பதிவேட்டை எடுங்கள். எந்தெந்தக் கல்லூரிகளிலிருந்து முனைவர் பட்ட மாணவர்கள் செடியை அடையாளம் காண வந்தார்கள், எத்தனை சான்றிதழ்கள் கொடுத்தீர்கள் என்று கணக்கெடுங்கள். பதிவேடு இல்லையென்றால் நாளைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். மாதிரிகளின் விவரங்களை ஜிபிஐஎஃப் என்னும் உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்தில் ஏற்றினால், அவற்றை எந்த ஆய்வு பயன்படுத்தியது என்று அவர்களே கணக்கு வைப்பார்கள். உங்கள் மாதிரி ஒவ்வொன்றும் அப்போது தடம் விட்டுப்போகும்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த வழி அல்ல. 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்வாளர்களும் இதழாசிரியர்களும் சேர்ந்து, தனி ஆய்வாளரை எடைபோட இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பிரகடனம் எழுதினார்கள். டோரா என்பார்கள். 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த லெய்டன் அறிக்கை, அளவீடு நிபுணர்களின் மதிப்பீட்டுக்குத் துணையாகத்தான் இருக்க வேண்டும் என்றது. துறை வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. உள்ளூர் மொழியிலும் உள்ளூர்ப் பொருளிலும் நடக்கும் சிறந்த ஆய்வைக் காக்கச் சொன்னது. கட்டுரையின் உள்ளடக்கத்தைப் பார்த்தே மதிப்பிட வேண்டும் என்று இந்திய தேசிய அறிவியல் கழகமும் கொள்கை அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களை மதிப்பிடும் குழுக்கள் இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்ப்பதில்லை. கட்டுரைகளை வரவழைத்துப் படிக்கிறார்கள். இந்த ஆவணங்களை அச்செடுத்து ஐகியூஏசி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். கோபமாக அல்ல, கோரிக்கையாக. அடுத்த முறை எச்-இன்டெக்ஸ் காட்டும்போது துறைவாரியாகப் பிரித்துக் காட்டலாமே என்று கேளுங்கள். அந்த வரிசையால் காயப்பட்டவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல. தமிழ்த்துறையிலும் வரலாற்றுத்துறையிலும் நூல் எழுதியவர்கள் அங்கே சுழியத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் குரல் எடுபடும்.

எங்கே வெளியிடுவது என்பதில் இம்பாக்ட் ஃபேக்டர் வேட்டை வேண்டாம். உங்கள் துறையில் யார் எழுதினால் நீங்கள் தேடிப் படிப்பீர்களோ, அவர்கள் எழுதும் இதழில் எழுதுங்கள். ‘ரீடியா’, ‘ஃபைட்டோடாக்ஸா’, கோயம்புத்தூரிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா’ போன்றவற்றைச் சரியான வாசகர்கள் பார்க்கிறார்கள். பணம் கட்டினால் பத்தே நாளில் அச்சாகும் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதிலே எழுதாதீர்கள்.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. ஷெல்ட்ரிக் தன் கட்டுரையின் சுருக்கத்திலேயே ஒரு வரி எழுதிவைத்தார்: ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இந்தக் கட்டுரையைப் பொது மேற்கோளாகக் காட்டலாம் என்று. பயன்படுத்தியவர்கள் அதன்படியே செய்தார்கள். அது தந்திரமல்ல, கடன்பட்டவருக்குக் கடனைச் சொல்லும் வழி தெரியவில்லை, அவர் வழி காட்டினார். நீங்கள் கொடுக்கும் தாவர அடையாளச் சான்றிதழின் அடியிலும் அப்படி இரண்டு வரி சேருங்கள். “இத்தாவரத்தைப் பற்றி வெளியிடும் கட்டுரையில் சான்று மாதிரி எண்ணையும் ஹெர்பேரியத்தின் பெயரையும் தவறாமல் குறிப்பிடவும். அடையாளம் காணப் பயன்பட்ட கீழ்க்கண்ட நூலையும் கட்டுரையையும் உசாத்துணைப் பட்டியலில் சேர்க்கவும்.” அதன் கீழே கேம்பிளையோ மேத்யூவையோ, அந்தச் செடிக்கு உங்கள் திருத்தக் கட்டுரை பயன்பட்டிருந்தால் அதையும் முழு விவரத்தோடு எழுதுங்கள். முதல் சான்றிதழை உங்கள் சக ஆசிரியரின் நானோ துகள் ஆய்வகத்துக்கே கொடுக்கலாம். அவர் அரைக்கும் இலைக்கும் பெயர் வேண்டுமே.